அத்தியாயம் 7: இரண்டாவது பக்கவாதம் வராமலிருக்க ஐந்து எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லோருடைய கண்ணும் செயலிழந்த கை, காலின் மேல்தான் இருக்கும். விரல் அசைகிறதா, தானாக எழுந்து உட்காருகிறாரா, பேச்சு தெளிகிறதா என்று தினமும் பார்ப்போம். பிசியோதெரபிக்கு ஆள் வைப்போம். அவர் கைத்தடி ஊன்றி வாசல்வரை நடந்துவிட்டால் கண்டம் தாண்டியாயிற்று என்று வீடே மூச்சு விடும். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் கை கால் திரும்புகிறது என்றால் மூளை தனக்கு நேர்ந்த சேதத்திலிருந்து மீள்கிறது என்றுதான் பொருள். அந்தச் சேதத்தை உண்டாக்கிய காரணம் ரத்தக்குழாய்களில் இன்னும் அப்படியே இருக்கக்கூடும்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் ஒரு கணக்கு வெளியானது. முதல் பக்கவாதத்திலிருந்து பிழைத்த 100 பேரில் ஓராண்டுக்குள் சுமார் 11 பேருக்கு அது மறுபடி வந்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 26 ஆகவும், பத்து ஆண்டுகளில் 39 ஆகவும் கூடியிருந்தது. இரண்டாவது முறை வரும்போது, அரும்பாடுபட்டு மீட்ட நடையும் பேச்சும் மறுபடி போய்விடலாம். ஆகவே மறுவாழ்வுப் பயிற்சி எவ்வளவு முக்கியமோ, மறுமுறை வராமல் தடுப்பதும் அவ்வளவு முக்கியம். இரண்டையும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நாளிலேயே தொடங்க வேண்டும்.

மறுபடி வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் வீடுகளில் மிகப் பரவலாக இருந்தும் கண்ணில் படாமல் போவது மெட்டபாலிக் சின்ட்ரோம் எனப்படும் வளர்சிதைமாற்றக் கோளாறுத் தொகுப்பு. பெரிதாகத் தெரியாத ஐந்து கோளாறுகளில் மூன்றோ அதற்கு மேலோ ஒரே உடலில் சேர்ந்திருப்பதுதான் அது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால், "கொஞ்சம்தானே கூட இருக்கு" என்று தோன்றும். சேர்த்துப் பார்த்தால்தான் ஆபத்து புரியும். இந்த அத்தியாயம் முழுவதும் அப்படிச் சேர்த்துப் பார்க்கவும், சேர்த்தே குறைக்கவும் கற்றுத்தருகிறது.

இந்த அத்தியாயம் யாருக்கு?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் பக்கவாதம் வந்தவர்களுக்காக இது முதன்மையாக எழுதப்பட்டது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ரத்தக்குழாய் வெடித்துக் கசிந்ததால் வந்தவர்களுக்கு ரத்த அழுத்தம், உணவு, புகையிலை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். ஆனால் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளும் கொழுப்பு மாத்திரைகளும் அவர்களுக்குத் தேவையா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். இதயத்துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குச் சென்றிருந்தால் சிகிச்சையும் வேறு. டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். அது தெரியாவிட்டால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அந்த ஐந்து எண்கள்

2009-இல் பல சர்வதேச மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரையறை இது. வயிற்றுச் சுற்றளவுக்கு மட்டும் இனத்துக்கு ஏற்ப அளவு மாறும். கீழே இருப்பது தெற்காசியர்களுக்கானது.

1. வயிற்றுச் சுற்றளவு: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அல்லது அதற்கு மேல்.
2. ரத்த அழுத்தம்: மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85, அல்லது அதற்கு மேல். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இதில் சேர்வார்கள்.
3. வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100 மி.கி. அல்லது அதற்கு மேல். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் அடக்கம்.
4. டிரைகிளிசரைடு: 150 மி.கி. அல்லது அதற்கு மேல், அல்லது அதற்காக மருந்து எடுப்பது.
5. நல்ல கொழுப்பான எச்டிஎல்: ஆண்களுக்கு 40 மி.கி.க்குக் கீழ், பெண்களுக்கு 50 மி.கி.க்குக் கீழ், அல்லது அதற்காக மருந்து எடுப்பது.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். 58 வயது ஆண். வயிறு 96 செ.மீ., பிபி 136/86, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 190, எச்டிஎல் 36. இதில் எந்த எண்ணும் யாரையும் திடுக்கிட வைக்காது. சர்க்கரை நோய் என்று சொல்லும் அளவுக்குச் சர்க்கரை இல்லை. பிபியும் எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. தொப்பையை வயதின் கணக்கில் எழுதிவிடுவோம். ஆனால் ஐந்தில் ஐந்தும் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. இவருக்கு ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்திருந்தால், "எல்லாம் பார்டர்தான்" என்ற சொல்லை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாலும் ஐந்தும் சேரும்போது ரத்தக்குழாய் அடைப்பை நோக்கி நகர்ந்துவிடும்.

ஏன் இவை சேர்ந்தே வருகின்றன?

1988-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் ஒரு சொற்பொழிவில் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை ஒன்றாகக் கோத்துக் காட்டினார். இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலைதான் இவற்றின் அடிவேர் என்றார். அதை இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இந்த எதிர்ப்பை வளர்க்கிறது. அந்தக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருட்களும் ரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரல் கூடுதலாக டிரைகிளிசரைடைத் தயாரிக்கிறது, நல்ல கொழுப்பு குறைகிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பதால் பிபி ஏறுகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் தன் வழவழப்பை இழக்கிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் உடலின் இயல்பான ஆற்றலும் மந்தமாகிறது. ஒருமுறை அடைத்துக்கொண்ட குழாய்க்கு இதைவிடக் கெட்ட சூழல் வேறில்லை.

நமக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியானது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அதில் அருகருகே இருந்தார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடைக்குள் நம் உடல் கூடுதல் கொழுப்பை ஒளித்து வைத்திருக்கிறது. ஆகவே "அவர் ஒல்லிதானே, அவருக்கென்ன" என்ற சமாதானம் நமக்கு உதவாது. எடை இயந்திரம் சொல்லாததை டேப் சொல்லும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருக்கின்றன. பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும், 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமனும் உண்டு.

மறுமுறை வருவதோடு என்ன தொடர்பு?

நியூராலஜி இதழில் 2021-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 13 ஆய்வுகளை, ஏறக்குறைய 60,000 பேரின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. மெட்டபாலிக் சின்ட்ரோம் இருந்தவர்களுக்குப் பக்கவாதம் மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. தனித்தனியாகப் பார்த்தபோது குறைந்த எச்டிஎல் மட்டுமே தெளிவான தொடர்பைக் காட்டியது. இரண்டோ அதற்கு மேலோ சேர்ந்திருந்தவர்களுக்கோ ஆபத்து 68 சதவீதம் கூடியிருந்தது. தனியாக அடங்கி இருப்பவை கூட்டாகச் சேரும்போது ஆபத்தாகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தத் தொகுப்பைத் தனி நோயாகக் கொள்ளலாமா என்று மருத்துவர்களிடையே விவாதம் உண்டு. உங்களுக்கு அந்த விவாதம் தேவையில்லை. பிபிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று மூன்று மருத்துவர்களிடம் மூன்று பைல்களோடு போகிறவருக்கு, ஐந்து எண்களும் ஒரே தாளில் வந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு.

சரியாக அளப்பது எப்படி?

*வயிறு.* தையல்காரர் பயன்படுத்தும் டேப் போதும். விலா எலும்பின் அடி விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வேட்டியோ பாவாடையோ கட்டும் இடம் பெரும்பாலும் தொப்பைக்குக் கீழே இருக்கும். அங்கே அளந்தால் கணக்கு தப்பும். பேன்ட் சைஸும் சுற்றளவும் ஒன்றல்ல. வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டதும் அளக்க வேண்டும். டேப்பை இறுக்கக் கூடாது, அது முதுகுப் பக்கம் சரியவும் கூடாது. நிற்க முடியாதவரைப் படுக்க வைத்து அளக்கலாம். அந்த எண்ணைக் கோட்டோடு ஒப்பிடாமல், மாதாமாதம் அதே நிலையில் அளந்து கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

*பிபி.* மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவியை வாங்குங்கள். பாதிக்கப்படாத கையில் அளவெடுங்கள், இறுகியோ தளர்ந்தோ போன கை தவறான எண்ணைக் காட்டலாம். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, புகை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். கை நெஞ்சின் உயரத்தில் இருக்கட்டும், அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும், மாலையிலும் இப்படி எழுதிக்கொண்டு போனால், மருத்துவமனையில் பதற்றத்தோடு எடுக்கும் ஒற்றை அளவைவிட அது பல மடங்கு பயன்படும்.

*ரத்தம்.* வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு வகைகள் எல்லாவற்றையும் காட்டும் லிபிட் புரொஃபைல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் ஆகியவை தேவை. மருந்து தொடங்கிய அல்லது மாற்றிய சில வாரங்களில் லிபிட் புரொஃபைலை மறுபடி பார்ப்பார்கள். நிலை சீரானபின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எதுவரை குறைக்க வேண்டும்?

நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் எல்லை வேறு, பக்கவாதம் வந்தவர் எட்ட வேண்டிய இலக்கு வேறு. அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்கள் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரும்பாலானவர்களுக்குச் சொல்லும் இலக்குகள் இவை. பிபி 130/80-க்குக் கீழ். ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்குக் கீழ். கொழுப்புப் படிவால் அடைப்பு வந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பான எல்டிஎல் 70-க்குக் கீழ். வயது முதிர்ந்தவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரைக்குப் போகிறவர்கள், நின்றால் தலைசுற்றுகிறவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் இலக்கைத் தளர்த்துவார்.

எல்டிஎல் அந்த ஐந்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் தாளில் அதை ஆறாவது எண்ணாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சிலும் தென்கொரியாவிலும் 2,860 பேரிடம் நடந்து 2020-இல் முடிவு வெளியான ஆய்வில், எல்டிஎல்லை 70-க்குக் கீழே கொண்டுபோன குழுவுக்கு, 90 முதல் 110 வரை வைத்திருந்த குழுவைவிட அடுத்தடுத்த பக்கவாதம், மாரடைப்பு போன்றவை குறைவாகவே வந்தன.

எச்டிஎல் கதை வேறு. அது குறைந்திருப்பது எச்சரிக்கை மணிதான். ஆனால் மாத்திரையால் அதை ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் நோயாளிகளுக்குப் பலன் கிடைக்கவில்லை. புகையை விடுவது, தினசரி நடை, வயிறு குறைவது ஆகியவைதான் அதற்கான வழி.

மாத்திரைகள்: நிறுத்தாதீர்கள், கூட்டிக் குறைக்காதீர்கள்

பிபி மாத்திரை. 2001-இல் வெளியான புரோகிரஸ் ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதம் வந்த 6,105 பேருக்குப் பிபியைக் குறைக்கும் மருந்து சிகிச்சை தந்தபோது மறுமுறை வருவது 28 சதவீதம் குறைந்தது. பிபி அதிகம் என்று சொல்லப்படாதவர்களுக்கும் அதில் நன்மை கிடைத்தது.

ஸ்டாட்டின். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்றவை இந்தக் குடும்பம். 2006-இல் வந்த ஸ்பார்கிள் ஆய்வில் தினம் 80 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் 16 சதவீதம் குறைந்தது. "கொழுப்பு நார்மலுக்கு வந்துடுச்சு, இனி எதுக்கு?" என்று நிறுத்துவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது.

ரத்தக்கட்டு உருவாகாமல் தடுக்கும் மாத்திரை. சிறிய அளவிலான பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சில வாரங்களுக்குச் சேர்த்துத் தரப்படும், பிறகு ஒன்று மட்டும் தொடரும். எதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். இரண்டையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். பல் பிடுங்க, கண் அறுவைக்கு என்று யாராவது நிறுத்தச் சொன்னால், பக்கவாதத்துக்குப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சர்க்கரை மருந்து. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஜிஎல்பி-1 வகை மருந்துகள் பக்கவாத அபாயத்தையும் குறைக்கின்றன. விலை கூடுதல் என்றாலும் தனக்குப் பொருந்துமா என்று கேட்பதில் தவறில்லை. சர்க்கரை நோய் இல்லாமல் இன்சுலின் எதிர்ப்பு மட்டும் இருந்தவர்களுக்கு பியோகிளிட்டசோன் கொடுத்துப் பார்த்த ஐரிஸ் ஆய்வில் (2016) பக்கவாதமும் மாரடைப்பும் 24 சதவீதம் குறைந்தன. ஆனால் எடை கூடுதல், கால் வீக்கம், எலும்பு முறிவு ஆகியவையும் கூடின. ஏற்கெனவே தடுமாறி நடப்பவருக்கு எலும்பு முறிவு சிறிய விஷயமில்லை. அதனால் இது மருத்துவர் ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு.

எண்ணெய் வைத்தியம், மூலிகை என்று வேறு மருத்துவத்தையும் நாடுகிறவர்கள் ஒன்றை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "இங்கிலீஷ் மருந்தை நிறுத்தினால்தான் இது வேலை செய்யும்" என்று யார் சொன்னாலும் மேலே சொன்ன மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தும் நாட்கள் ஆபத்தான நாட்கள்.

தட்டில் என்ன மாற்றலாம்?

உடம்பு தேற வேண்டும் என்று நோயாளியை ஊட்டி வளர்ப்பது நம் வழக்கம். பார்க்க வருகிறவர்கள் சத்துமாவு டப்பா, பிஸ்கட், இனிப்பு, பழச்சாறு வாங்கி வருவார்கள். அன்பை மறுக்க வேண்டாம். "மாமாவுக்குக் கொய்யாப்பழமோ, நிலக்கடலையோ வாங்கிட்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சோறு. டிரைகிளிசரைடு எண்ணெயால் மட்டும் ஏறுவதில்லை. நம் வீடுகளில் அதை ஏற்றுவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய சோறு, சர்க்கரை, மைதா, மது. தட்டில் பாதி காய், கீரை, கூட்டு, பொரியலுக்கு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதத்துக்கு. மீதி கால் பங்குதான் சோறு அல்லது சப்பாத்தி. சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டாலோ, கேழ்வரகைக் கூழாகக் காய்ச்சி இரண்டு சொம்பு குடித்தாலோ கணக்கு மாறாது. தானியத்தின் பெயரைவிட அளவுதான் முக்கியம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் கஞ்சியே உணவாகிவிடுவதுண்டு. அதில் பாசிப்பருப்பு, மசித்த காய், தயிர் ஆகியவற்றைச் சேர்த்துக் கெட்டியாகக் கொடுங்கள்.

டீ, காபி. நாளைக்கு நான்கு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராமுக்கு மேல் போகிறது. வாரத்துக்கு அரை டீஸ்பூன் வீதம் குறைத்துவந்தால் ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சமையல், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, பேக்கரிப் பண்டம் எல்லாம் இதில் அடக்கம். வீட்டில் நான்கு பேர் என்றால் தினம் நான்கு டீஸ்பூனுக்கும் குறைவாக ஒரு சிறு டப்பாவில் எடுத்து வைத்து, அதிலிருந்து மட்டும் சமையுங்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம்தான், அதற்கு மாறினால் பிபி குறையும் என்று நம்ப வேண்டாம். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு வேறு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2021-இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள். அந்த உப்புக்கு மாறிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் பிபி மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, மருத்துவர் சரி என்றபின் வாங்குங்கள்.

எண்ணெய். ஓர் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வைத்துத் தொடங்குங்கள். செக்கு எண்ணெயாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. வடை, பஜ்ஜி பொரித்த எண்ணெயை மறுபடி சூடாக்க வேண்டாம்.

எடையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பக்கவாதம் வந்த முதல் சில வாரங்களில் எடை குறைக்க முயலாதீர்கள். அப்போது குறைவது பெரும்பாலும் தசை, அது நடையைத் தாமதப்படுத்தும். உடல்நிலை சீரானபின், எடை கூடுதலாக உள்ளவர் தன் எடையில் 5 முதல் 10 சதவீதத்தைச் சில மாதங்களில் நிதானமாகக் குறைத்தால் ஐந்து எண்களும் சேர்ந்து சீராகத் தொடங்கும். 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

கால் இழுத்தாலும் உடல் அசையட்டும்

நடக்க முடிகிறவர் சற்று வேகமான நடையில் 10 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் என்று தொடங்கலாம். மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். அதுதான் சரியான வேகம். மெல்லக் கூட்டி வாரம் 150 நிமிடத்தை எட்டுவது நல்லது. வெயிலுக்கு முன், சமதளத்தில், பிடிப்புள்ள செருப்போடு, பலவீனமான பக்கத்தில் துணைக்கு ஒருவர் வர நடக்க வேண்டும்.

நடக்க முடியாதவருக்கும் வழி உண்டு. நாற்காலியில் இருந்தபடியே முழங்காலை நீட்டி மடக்குவது, பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, நல்ல கையால் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது எல்லாமே தசைக்கு வேலைதான். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. டிவி முன் தொடர்ந்து உட்காருகிறவர் அரை மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் எழுந்து நிற்கட்டும். மயக்கம், நெஞ்சுவலி, புதிய மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

குறட்டை, புகையிலை, மது

சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் தூங்கி விழுவது ஆகியவை உறக்க மூச்சுத்தடையின் அறிகுறிகள். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இது காணப்படுகிறது. மாத்திரைக்கு அடங்காத பிபிக்கு இதுவும் ஒரு காரணம். கூடப் படுப்பவர் இதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

புகையை முழுமையாக விட வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையும், உதட்டில் ஒதுக்கும் தூளும் அந்தக் கணக்கில்தான் வரும். பாட்டிகள் "இது பல்வலிக்குத்தான்" என்று சொல்லும் துண்டுப் புகையிலையும் அப்படியே. மது பிபியையும் டிரைகிளிசரைடையும் ஒருசேர ஏற்றும், மாத்திரையை மறக்கவும் வைக்கும். விட்டுவிடுவதே பாதுகாப்பு.

தனிச் சமையல் வேண்டாம், வீடே மாறட்டும்

இந்தியாவில் 31 மையங்களில், பக்கவாதம் வந்த 4,298 பேரிடம் ஸ்பிரின்ட் இந்தியா என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2023-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஒரு குழுவுக்கு அவரவர் மொழியில் குறுஞ்செய்திகள், காணொளிகள், கையேடு அனுப்பினார்கள். அந்தக் குழுவில் மாத்திரை ஒழுங்கு மேம்பட்டது, புகையும் மதுவும் குறைந்தன. ஆனால் ஓராண்டில் மறுபடி வந்த பக்கவாதம், மாரடைப்பு, இறப்பு ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை குறையவில்லை. ஓராண்டு குறுகிய காலம்தான். என்றாலும் கைபேசிக்கு வரும் அறிவுரை மட்டும் போதாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எண்கள் இலக்குக்கு வந்தனவா என்று தொடர்ந்து அளந்து, வராவிட்டால் மருந்தை மாற்ற வைக்க வேண்டும்.

அதற்கு வீடே ஒன்றுசேர வேண்டும். அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கமான குழம்பு என்றால் அது ஒரு வாரம்கூட நிலைக்காது. எல்லோருக்கும் ஒரே சமையல், வேண்டியவர் மேலே சிறிது உப்புத் தூவிக்கொள்ளட்டும். பிள்ளைகளும் தங்கள் ஐந்து எண்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் உடல்வாகும் வீட்டின் அடுப்பும் அவர்களுக்கும் பொதுவானவை. வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை ஒருவர் நிரப்பட்டும், பிபி நோட்டை இன்னொருவர் பார்க்கட்டும். எல்லாச் சுமையும் அம்மாவின் தலையில் விழக் கூடாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பணமோ பயணமோ இடறி மாத்திரை நின்றுபோவதை இது தடுக்கும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- எனக்கு வந்தது அடைப்பா, கசிவா? எந்தக் காரணத்தால்?
- ஐந்து எண்களில் எனக்கு எத்தனை கோட்டைத் தாண்டியிருக்கின்றன?
- பிபி, எல்டிஎல், ஹெச்பிஏ1சி ஆகியவற்றில் எனக்கான இலக்கு என்ன?
- எந்த மாத்திரை ஆயுள் முழுக்க, எது சில வாரங்களுக்கு மட்டும்?
- அடுத்த ரத்தப் பரிசோதனை எந்த மாதம்?

மறுபடி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏற்கெனவே ஒரு கை பலவீனமாக இருப்பவரிடம் புதிய பலவீனத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் அவருடைய இன்றைய நிலையைப் பதிவு செய்து வையுங்கள். சிரிக்கச் சொல்லி ஒரு படம், இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லி ஒரு படம், அவர் பேசும் சில வாக்கியங்கள். இவை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வாய் கோணுதல், கை கால் திடீரென வலுவிழத்தல், பேச்சு குழறுதல், பார்வை மங்குதல், நடை தள்ளாடுதல் ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிலருக்கு அதற்குப் பிறகும் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு, ஆகவே நேரம் கடந்ததென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். அது அடுத்த பெரிய தாக்குதலுக்கான முன்னறிவிப்பாக இருக்கலாம். சர்க்கரை மருந்து எடுப்பவராக இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுங்கள், தாழ்சர்க்கரையும் இதேபோல் காட்சி தரும். வாய்வழியாகச் சாப்பாடோ, தண்ணீரோ, ஆஸ்பிரினோ, பிபி மாத்திரையோ கொடுக்காதீர்கள். அடைப்பா, கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

இந்த வாரமே தொடங்க வேண்டியவை

ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, ஐந்து எண்களையும் எல்டிஎல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தில் மருத்துவர் சொன்ன இலக்கு, அதற்குப் பக்கத்தில் இன்றைய அளவு. வயிறு, பிபி இரண்டையும் இன்றே அளக்கலாம். ரிப்போர்ட் பழையதாக இருந்தால் மற்றவற்றுக்கு ரத்தம் கொடுக்கத் தேதி குறியுங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தாளை நிரப்பி மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஏதாவது ஓர் எண் இலக்குக்கு வரவில்லையென்றால், "இதை இலக்குக்குக் கொண்டுவர அடுத்து என்ன செய்யலாம், டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை அந்த அறையைவிட்டு எழுந்திருக்காதீர்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.